குறை சொல்லியே வாங்குகிறவர்

செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு அத்தாவுல்லா பாய் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். காசிமேட்டில் ஏலம் முடிந்து, பெண்கள் சில்லறைக்குக் கூறு வைத்துக்கொண்டிருந்த நேரம். பட்டம்மாளின் பலகையில் கிடந்த வஞ்சிரம் அப்போதுதான் கரை சேர்ந்திருந்தது. கண் தெளிவாக, உடம்பு விறைப்பாக, செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தது. மீன் வாங்கத் தெரியாதவர்களுக்கும் அது நல்ல மீன் என்று தெரியும்.

"இன்னா பட்டம்மா, இது போன மாசம் செத்துதா, அதுக்கு முந்தின மாசமா?" என்றார் பாய்.

பட்டம்மாள் நிமிரவில்லை. "நீ பொறந்த அன்னிக்கே செத்துது பாய். உனுக்கோசரம்தான் எடுத்து வெச்சினுகீறேன்."

"கண்ணு பூத்துப் போயிருக்கு."

"உன் கண்ணுதான் பூத்துகீது. போய் ஆபரேசன் பண்ணிக்கினு வா, அப்பால வியாபாரம் பேசலாம்."

மீனின் வாலைப் பற்றியும் பாயின் கஞ்சத்தனத்தைப் பற்றியும் இன்னும் கொஞ்சம் நடந்தது. விலை இரண்டு பக்கத்திலிருந்தும் நகர்ந்து நடுவில் வந்து நின்றதும் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். பட்டம்மாள் கணக்கில் இல்லாமல் ஒரு கை இறாலை மேலே போட்டாள். அவர் நகர்ந்த பிறகு, கூடப் போயிருந்த என்னிடம் சொன்னாள்: "பாய் வாயால மீனு நல்லா கீதுன்னு வந்துச்சுன்னு வெய்யி, அன்னிக்கி அவருக்கு ஒடம்பு சரியில்லன்னு அர்த்தம்."

பாய்க்கு அறுபத்தொரு வயது. குட்டையான, கெட்டியான உடம்பு. கட்டம் போட்ட லுங்கி, வெள்ளை அரைக்கைச் சட்டை. சட்டைப்பையில் பேனா இருக்காது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தமும், மூட்டை தைக்கிற கோணி ஊசி ஒன்றும் கைக்குட்டையில் சுற்றி இருக்கும். தகரத்தின் மேல் பட்டி பூசி ஓட்டையை மறைத்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது. மரம் உள்ளே உளுத்திருந்தால் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். இரண்டுக்கும் முன்னால் மூக்கு. எந்தச் சாமானையும் முதலில் மோந்து பார்ப்பார். மோந்த உடனே முகத்தைச் சுளிப்பார். சுளிப்புக்கும் வாசனைக்கும் சம்பந்தமில்லை. அது தொழில்.

தண்டையார்பேட்டையில் அவருக்கு ஒரு குடோன். கப்பல்களில் கழித்துவிடுகிற சாமான்களையும், துறைமுக ஏலத்தில் கேட்பாரில்லாமல் கிடக்கிற சரக்கையும் எடுத்து விற்கிறார். மெத்தை, லைஃப் ஜாக்கெட், கீழே போட்டாலும் உடையாத பீங்கான் தட்டு, பித்தளை விளக்கு, தொடை கனத்துக்குக் கயிறு. ஏலத்தில் அவர் பேசுவதைக் கேட்டால் வாங்க வந்தவர் என்று தோன்றாது, வழக்குப் போட வந்தவர் என்று தோன்றும். விற்கிறவர்களும் சளைத்தவர்கள் இல்லை. "உன் மூஞ்சிக்கு இந்த வெளக்கு அதிகம் பாய்" என்பார்கள். வாங்குகிறவன் சாமானைத் திட்ட வேண்டும், விற்கிறவன் வாங்குகிறவனைத் திட்ட வேண்டும், திட்டு தீர்கிற இடத்தில் விலை நிற்கும். அந்தக் குடோன் வரிசை முழுக்க இதுதான் வழக்கம். நல்ல சாமான் என்று ஒருவன் சொல்லிவிட்டு விலை கேட்டால், அவன் வீட்டில் ஏதோ கஷ்டம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவர் வீட்டு மாடியில்தான் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். கீழ்வீட்டில் எதுவும் நிலையாக இருப்பதில்லை. சோபா ஒரு கிரேக்கக் கப்பலிலிருந்து வந்தது. மூன்று மாதம் இருந்துவிட்டு ஒரு லாட்ஜுக்குப் போய்விட்டது. ஒருமுறை குடும்பமே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேஜைக்கு ஆள் வந்தது. பாய் தட்டுகளைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு மேஜையைத் தூக்கிக் கொடுத்தார். அவர் மனைவி ஹஃப்சா இதைச் சொல்லும்போது கோபமாகத்தான் தொடங்குவார், பாதியில் சிரிப்பு வந்துவிடும். "காலைல கண்ண முழிச்சா, கட்டில் கீதா இல்ல தரைல கீறேனான்னு தடவிப் பாத்துட்டுதான் எழுந்துக்கறது."

வீட்டுக்குள்ளும் அதே வாய்தான். குழம்பில் காரம், டாக்டரின் கையெழுத்து, எங்கள் மாடிப்படியில் நாங்கள் வைத்த துளசித் தொட்டி, எதற்கும் ஒரு குறை உண்டு. மிகவும் பிடித்துப்போனால் "மோசமில்ல" என்பார். மகள் உமைமா கல்லூரியில் முதல் வகுப்பு வாங்கியதற்கும் மோசமில்ல, பேரன் பிறந்ததற்கும் மோசமில்ல. பெண் பார்க்க வந்த அன்று ஹஃப்சாவின் வீட்டில் படி செங்குத்து என்றாராம், தண்ணீர் உப்பு என்றாராம், ஜன்னல் மேற்குப் பக்கம் வைத்திருக்கக் கூடாது என்றாராம். இந்த இடம் அமையாது என்று ஹஃப்சாவின் அம்மா அழுதுவிட்டார். "நா அழல" என்றார் ஹஃப்சா. "வூட்டுக்கு அத்தினி சொன்னவரு என்னப் பத்தி ஒண்ணுமே சொல்லல. அப்பவே தெரிஞ்சுக்கினேன்."

பாய்க்கு என்று ஒரு ஆசை உண்டு. தரையோடு ஒட்டி ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. சின்ன வயதில் சோழவரத்தில் கார் ரேஸ் பார்க்க வேலி ஏறிப் போனதில் பிடித்தது. பல வருஷங்களாக இப்படிப்பட்ட வண்டி எங்கே விலைக்கு வந்தாலும் போய்ப் பார்த்துவிடுவார். கீழ்ப்பாக்கம், பாண்டிச்சேரி, ஒருமுறை கோயம்புத்தூர் வரைக்கும். உமைமா ஆம்பூரிலிருந்து ஃபோனில் விளம்பரங்களை அனுப்பிக்கொண்டே இருப்பாள். போய்வந்து ஒவ்வொன்றின் குறையையும் சாப்பாட்டு நேரத்தில் விவரிப்பார். இது நிறம் மாற்றியது, அது எஞ்சின் மாற்றியது, இன்னொன்று இரண்டு வண்டிகளை வெட்டி ஒட்டியது.

அதெல்லாம் சாக்கு என்பது ஹஃப்சாவின் கட்சி. வாங்கினால் விற்க வேண்டும், அதுதான் அவருக்குத் தெரியும். தனக்கென்று ஒரு சட்டைத் துணிகூட அவராக எடுத்ததில்லை. வைத்துக்கொள்வதற்காக ஒன்றை வாங்குவது என்றால் கை நடுங்குகிறது, நடுக்கத்தை மறைக்கத்தான் குறை கண்டுபிடிக்கிறார் என்பார்.

இந்த வருஷம் மீஞ்சூரில் பாயின் அப்பா விட்டுப்போன மனை விற்றது. பாதி உமைமாவுக்கு, பாதி உங்களுக்கு என்று ஹஃப்சா பிரித்துச் சொல்லிவிட்டார். உங்கள் பாதியில் எது வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் அது குடோனுக்குப் போகக் கூடாது. மறுவாரமே ராயபுரத்தில் ஒரு வண்டி இருப்பதாகச் செய்தி வந்தது. போகும்போது துணைக்கு என்னைக் கூப்பிட்டார்.

வண்டி ஜெரி என்பவருடையது. ஆங்கிலோ இந்தியர், எழுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். பெரிய கப்பல்களை இழுத்துக் கரையில் சேர்க்கிற டக் படகில், எஞ்சின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதா கோயிலுக்குப் பின்னால் பழைய ஓட்டு வீடு. அதை இடித்துக் கட்டப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்துவிட்டு பெரம்பூரில் மருமகனோடு, மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லை. பன்னிரண்டு லட்சம் என்று மருமகன் ஃபோனில் பார்த்து விலை வைத்திருந்தான்.

பின்பக்கத் தகரக் கொட்டகையில் தார்ப்பாயை ஜெரி மெதுவாக மடித்து எடுத்தார். ஐம்பத்திரண்டாம் வருஷத்து எம்.ஜி., இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்து செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. நீண்ட மூக்கு, பின்னால் தொங்கும் ஸ்டெப்னி, மற்ற கார்களுக்கு எதிர்த்திசையில் திறக்கிற கதவுகள். பானட் இரண்டு பக்கமும் றெக்கை மாதிரி தூக்கிக்கொண்டது. அத்தாவுல்லா பாய் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு குனிந்து மோந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

அவர் வேலை பார்க்கிற விதத்தை அன்றுதான் முழுதாகக் கண்டேன். மட்கார்டில் காந்தத்தை வைத்து இஞ்ச் இஞ்சாக நகர்த்தினார். எல்லா இடத்திலும் டக் டக்கென்று ஒட்டியது. கதவுக்குக் கீழே மட்டும் ஓரிடத்தில் நழுவி விழுந்தது. படுத்துக்கொண்டு அடியில் போனார். தரைப் பலகையைக் கோணி ஊசியால் குத்தினார். இடது மூலையில் ஊசி முழுதாக இறங்கியது, கரையான். ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார். சீட்டின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். டயலின் கண்ணாடியில் தூசியைத் துடைத்துவிட்டு, துடைத்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பாட்டரி செத்திருந்ததால் எஞ்சினை எழுப்ப முடியவில்லை. கைக்குக் கை மாறி ஏமாற்றின வண்டி இல்லை என்பது எனக்கே புரிந்தது. கடற்காற்று கடித்த இடம் ஒன்று, கரையான் அரித்த இடம் ஒன்று, கிழிந்த கேன்வாஸ். மற்றதெல்லாம் ஒரு மனிதன் பார்த்துப் பார்த்து வைத்திருந்தது. அந்த வயது வண்டியில் இதற்கு மேல் யாரும் எதிர்பார்க்க முடியாது. பதினொன்றுக்குக் கிடைத்தாலே அல்லாஹ்வின் கிருபை என்று மனதுக்குள் கணக்குப் போட்டதாகப் பாய் பிறகு என்னிடம் சொன்னார்.

எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டு வாயைத் திறந்தார். பலகை மொத்தமும் போச்சு என்றார். அடிச்சட்டம் வளைந்திருக்கிறது என்றார். பெயிண்ட் மட்டம், தோல் மட்டம், எஞ்சின் சத்தம் சரியில்லை, பிரேக் பிடிக்காது, மவுண்ட் ரோட்டில் ஏறினால் பாரிமுனையில்தான் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்தினார். எதிராளி திட்டுவதற்காக விடுகிற இடைவெளி அது.

ஜெரி திட்டவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து ஒவ்வொன்றையும் கேட்டார். "பலகை" என்று திருப்பிச் சொல்லித் தலையாட்டினார். "பிரேக்" என்றார். மறுமுனையில் ஆளில்லாத கயிற்றை இழுப்பது மாதிரி பாய் தடுமாறினார். ஆனால் பழகின வாய் நிற்கவில்லை. "ஏழு தரேன். அதுவும் உங்க வயசுக்கு மரியாத" என்று முடித்தார்.

ஜெரி வண்டியைப் பார்த்தார். "இல்ல பாய், நான் இத விக்கல."

"சரி, ஏழரை."

"ரேட்டுக்குச் சொல்லல மேன். போட்ல ஒருத்தன் ஃபால்ட்டுன்னு சொல்லிட்டான்னா, சின்னப் பையனா இருந்தாலும் சரி, கயித்த அவுக்க மாட்டோம். பாத்து முடிச்சாதான் போட் கெளம்பும். நீங்க சாமான் தெரிஞ்சவரு, இத்தன ஃபால்ட் சொல்றீங்க. தெரிஞ்சே நான் இன்னொருத்தருக்குக் கொடுத்து, அவரு அதுல ரோட்ல போயி..." அவர் முடிக்கவில்லை. தார்ப்பாயை எடுத்தார். "புதுப்பேட்டைக்காரன் பிரிச்சு எடுத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். அதான் சரி. தேங்க்ஸ் பாய். எனக்கு வண்டி மேல ஆசை, அதனால கண்ணுக்குத் தெரியல."

 இத்தனை வருஷத்தில் அத்தாவுல்லா பாய் சொன்னதை நம்பின முதல் ஆள் ஜெரிதான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் காந்தத்தையும் ஊசியையும் கைக்குட்டையில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். கல்மண்டபம் தாண்டும்போது ஒரு தடவை, "பேச்சுக்குச் சொன்னதுங்க அது" என்றார், என்னிடம் இல்லை, டிரைவரின் முதுகிடம். ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்ன குறையைத் திரும்பப் பெறுகிற வழக்கம் அவர்கள் வியாபாரத்தில் இல்லை என்பதுபோலக் கையை விரித்தார். அந்த வண்டியைப் புதுப்பேட்டையில் பானட் ஒரு கடையிலும் கதவு ஒரு கடையிலுமாகத் தொங்கவிடப்போகிறார்கள் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அங்கே தொங்குகிற சாமான்களில் பாதிக்கு விலை பேசினவர் அவர்.

சாயங்காலம் ஹஃப்சா மாடிக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. "இன்னா ஆச்சு அவருக்கு? கொழம்புல உப்பு போட மறந்துட்டேன். ஒண்ணும் சொல்லாம துன்னுட்டு எழுந்து போறாரு."

நடந்ததைச் சொன்னேன். முதலில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். புதுப்பேட்டை என்றதும் சிரிப்பு நின்றது. கீழே போய் அவர் சொன்னதும் பாய் பதில் சொன்னதும் எங்கள் அடுக்களை ஜன்னல் வழியாக நன்றாகவே கேட்டது.

"போயி நல்லதாச் சொல்லிட்டு வாங்க."

"நல்லதுன்னு சொல்லிட்டு வெல கேட்டா, என்ன இன்னான்னு நெனப்பாங்க?"

"பைத்தியம்னு. நெனச்சா நெனச்சிக்கினு போவட்டும்."

"எனுக்கு அப்டிப் பேச வராது ஹஃப்சா."

ஒரு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. பிறகு ஹஃப்சா, "நானும் வரேன்" என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் பாயின் வியாபாரம் எதற்கும் அவர் கூடப் போனதில்லை.

மறுநாள் காலை மூன்று பேராகப் போனோம். ஜெரியின் வீட்டு வாசலில் பீரோவும் மாதா படமும் வெளியே வந்துவிட்டிருந்தன. கொட்டகையில் வண்டியின் தார்ப்பாய் விலகியிருந்தது. ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. எஞ்சின் பழுது என்றால் படகில் இப்படிக் கட்டிவைப்பார்களாம், தெரியாமல் யாரும் கிளப்பிவிடாமல் இருக்க. யாருமே ஏறப்போகாத வண்டிக்கும் அவர் அதைக் கட்டியிருந்தார்.

பாய் தொண்டையைச் செருமினார். "நேத்து சொன்னது... வண்டி மோசமில்ல."

ஜெரி அன்பாகத் தலையாட்டினார். ஆறுதலுக்காகப் பொய் சொல்ல வந்தவரைப் பார்க்கிற பார்வை.

"அவரு அப்டிச் சொன்னா ரொம்ப நல்லா கீதுன்னு அர்த்தங்க" என்றார் ஹஃப்சா. "எனுக்கே அவ்ளோதான் சொல்லுவாரு."

ஜெரி சிரித்தார், ஆனால் விடவில்லை. அவர் வேலை பார்த்த இடத்தில் பொதுவாக 'எல்லாம் சரி' என்று சொன்னால் ஏற்கமாட்டார்கள். எந்தெந்தப் பழுது சொல்லப்பட்டதோ, சொன்னவரே வந்து ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுக் காட்டி முடித்தால்தான் துணியை அவிழ்ப்பார்கள். அப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டார்.

அத்தாவுல்லா பாய் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றார். ஹஃப்சா அவர் முழங்கையை லேசாகத் தள்ளினார். பாய் வண்டியின் இடப்பக்கம் போய்க் குனிந்தார்.

பலகையில் கரையான் இருப்பது நிஜம் என்றார், ஆனால் மூலையில் மட்டும், ஒரு முழப் பலகை மாற்றினால் போதும். கதவுக்கு அடியில் துரு, அதுவும் நிஜம். அடிச்சட்டம் வளைந்தது என்றது பொய். நூல் பிடித்தமாதிரி இருக்கிறது. தோல் மட்டம் என்றது பொய். இப்படிச் சொல்லிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். சொல்லச் சொல்ல நெற்றியில் வியர்த்தது. ஏலத்தில் மணிக்கணக்காகப் பேசுகிறவருக்கு ஒவ்வொரு வாக்கியமும் மூட்டை தூக்குவதுபோல இருந்தது.

"எஞ்சின் சத்தம்?" என்றார் ஜெரி.

"நா கேக்கவேயில்ல. வண்டிதான் ஸ்டார்ட்டே ஆகலியே."

ஹஃப்சா திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. ஜெரி மட்டும் சிரிக்காமல், "பெயிண்ட்?" என்றார்.

பாய் மட்கார்டின் வளைவில் கையை வைத்தார். கை அங்கேயே இருந்தது.

"முப்பத்தஞ்சு நாப்பது வருசமா சாமான் பாக்கறேன்" என்றார், வண்டியைப் பார்த்தபடியே. "வாங்குவேன், வித்துடுவேன். எதும் மேலயும் கைய வெச்சா எடுக்கத் தெரியும் எனுக்கு. நேத்து இதும் மேல வெச்சேன். எடுக்க மனசு வரல. அதான் அவ்ளோ பேசிட்டேன்."

 தெருவில் ஒரு தண்ணீர் லாரி நின்று, குடங்கள் வரிசையாக நகர்கிற சத்தம் கேட்டது. ஜெரி முன்னால் வந்து சிவப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்தார். கடலில் ஈரத்தில் போட்டுப் பழகிய முடிச்சு. ஒரே இழுப்பில் வந்துவிட்டது. துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் விலை. அங்கேதான் விஷயம் தலைகீழாகப் போயிற்று. பாய் பன்னிரண்டு என்றார், கேட்ட விலையைக் கொடுப்பதுதான் நேற்றைய பேச்சுக்குப் பரிகாரம் என்று நினைத்திருக்க வேண்டும். ஜெரி ஒப்பவில்லை. இரண்டு பழுது நிஜம் என்று நீங்களே தொட்டுக் காட்டினீர்கள், பிறகு எப்படிப் பன்னிரண்டு வாங்குவது, ஒன்பது போதும் என்றார். கரையான் ஒரு பெரிய விஷயமா என்று பாய் கேட்டார். பலகையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்றார் ஜெரி. பாய்க்கு அந்தத் தொனி பழக்கமானது. முகம் தெளிந்தது. இந்த வண்டியைப் போய் ஒன்பதுக்குக் கேட்கிறவன் குருடன் என்று அவர் சொல்ல, கேட்பவன் நான் இல்லை, விற்பவன் என்று ஜெரி சொல்ல, விற்பவர் இறங்கிக்கொண்டும் வாங்குபவர் ஏறிக்கொண்டும் ஒருவரையொருவர் தாண்டிப் போய்விட்டார்கள்.

"பத்தரை" என்றார் ஹஃப்சா. "ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்க."

மூடினார்கள். ஜெரிக்கு ஒரே ஒரு கேள்வி பாக்கியிருந்தது. பாயிடம் கேட்காமல் ஹஃப்சாவிடம் கேட்டார், தயங்கித் தயங்கி. குடோனைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருந்தார்.

"இது வூட்டுல நிக்கும்" என்றார் ஹஃப்சா. "சோபா போட்ட எடம் காலியாத்தான் கீது."

அந்த வாரமே பணம், ஆர்.சி. புத்தகம் எல்லாம் கைமாறின. வண்டியை எடுக்கிற நாளில் பாட்டரி இன்னும் செத்தே இருந்தது. புதிது போட்டு அங்கேயே கிளப்பிப் பார்க்கலாம் என்று மெக்கானிக் இசக்கிப்பாண்டி சொன்னதற்கு, இத்தனை காலம் நின்ற எஞ்சினை எண்ணெய் மாற்றாமல் சுற்றக் கூடாது என்று பாயும் ஜெரியும் ஒரே குரலில் மறுத்தார்கள். கயிறு கட்டி இழுத்தால் முன்பக்கம் வளையும் என்றார் பாய். டயரில் காற்று இறங்காமல் நின்றது. இசக்கிப்பாண்டியின் ஷெட் இரண்டு தெரு தள்ளி. தள்ளிக்கொண்டே போய்விடலாம் என்று முடிவாயிற்று.

கொட்டகையிலிருந்து வெளியே வந்ததும் தெரு கூடிவிட்டது. வெயிலில் செங்கல் நிறத்துக்குள்ளிருந்து பழைய சிவப்பு கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ஒருவர் ஃபோனில் படம் எடுத்தார், இன்னொருவர் எவ்வளவு என்று கேட்டார். பாய் அன்று புது லுங்கி கட்டியிருந்தார். தள்ளுவதற்கு இசக்கிப்பாண்டியோடு தெருவில் இருந்த நாலைந்து பேர் பின்னால் போய் நின்றார்கள். யாராவது ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்தாக வேண்டும். அது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஜெரி டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, சாவியை நீட்டியபடி, இன்னொரு கையால் சீட்டைக் காட்டினார். ஹஃப்சா தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அவர் ஏறுவதைப் பார்க்கத் தயாராக நின்றார்.

அத்தாவுல்லா பாய் சாவியை வாங்கினார். சீட்டைப் பார்த்தார், ஜெரியைப் பார்த்தார். பிறகு ஜெரியின் முழங்கையைப் பிடித்து, காலை எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதது மாதிரி மெல்லக் குனியவைத்து, டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். சாவியை அவர் உள்ளங்கையில் திணித்து, கதவைச் சத்தமில்லாமல் அழுத்திச் சாத்தினார். வண்டியின் பின்னால் போனார். நின்றவர்களை இரண்டு பக்கமும் விலகச் சொல்லிவிட்டு, புது லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, ஸ்டெப்னியின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றினார்.